இலையில் வைத்த பர்கர்

பர்கர் செய்யத் தெரியாதவர்கள் சீஸைக் கடைசியில் வைப்பார்கள். பன்னை அறுத்து, கட்லெட்டை உள்ளே தள்ளி, அதன் தலையில் சில்லென்று ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, சாப்பிடுங்கள் என்று நீட்டுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கட்லெட் தோசைக்கல்லில் இருக்கும்போதே சீஸை அதன் மேல் வைக்க வேண்டும். கல்லின் ஓரத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்து, டக்கென்று மூடி போட வேண்டும். உஸ்ஸென்று ஆவி கிளம்பும். இருபது எண்ணி மூடியைத் திறந்தால் சீஸ் நாலு பக்கமும் வழிந்து கட்லெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் தங்கை. என்னைவிட மூன்று வயது சின்னவள்.

அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு பர்கரை அம்மா வீட்டில் அவளுக்கென்று நான் செய்தது ஒரே ஒரு தடவைதான். அதைத் தலைவாழை இலையில் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, அவளுக்குக் கருமாதிப் படையல் போட்டோம். அன்றைக்கு அவள் குன்னூரில் உயிரோடு இருந்தாள். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அந்த நிலைமைக்கு அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது என் வாய்தான். இதை இத்தனை வருஷமாக வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அப்பா பம்பு செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருந்தார். நான் பி.காம். முடித்துவிட்டு, மாப்பிள்ளை அமையட்டும் என்று வீட்டில் இருந்தேன். தங்கை டவுனில் பெண்கள் கல்லூரியில் மனையியல் படித்தாள். அங்கே செய்முறை வகுப்பில் பர்கர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பையை இறக்கி வைப்பதற்குள், "ஞாயித்துக்கெழம நம்மூட்ல பர்கர், யாரும் சோறாக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டாள்.

அந்த முதல் பர்கரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். பேக்கரியில் கிடைத்தது டீயில் நனைத்துத் தின்கிற இனிப்புப் பன்தான். அதற்குள் உருளைக்கிழங்கு கட்லெட், நடுவில் டப்பா சீஸ். அப்பா ஒரு வாய் கடித்துவிட்டு மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ஏனம்மிணி, பன்னு இனிக்குது, உள்ள காரமா இருக்குது, நடுவால சோப்புக்கட்டியாட்டம் என்னமோ இருக்குது?"

"அது சீஸுங்கப்பா. பால்ல செய்யறது."

"பாலு திரிஞ்சு போச்சுன்னா உங்கம்மா சாக்கடைல ஊத்தறா. அதையே டப்பால அடைச்சா சீஸாக்கும்?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கைக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த நாளே என்னையும் இழுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். சர்க்கரை இல்லாமல், மேலே எள் தூவி பன் போட்டுத் தர வேண்டும் என்று பேக்கரிக்காரரிடம் மல்லுக்கு நின்றாள். "அத எவனுங்க வாங்குவான்?" என்றார் அவர். "ஒரு தட்டு முழுசா நாங்களே எடுத்துக்கறமுங்" என்று ஒப்புக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஞாயிறு போக மிஞ்சியதை வைத்து, திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எங்கள் வீட்டில் காலைப் பலகாரம் எள் பன்தான்.

அங்கேதான் அவனைப் பார்த்தோம். இப்போது அவர் என்று எழுத வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் அவன் என்றுதான் நினைத்தேன், அப்படியே சொல்கிறேன். குன்னூருக்கு மேலே ஒரு பண்ணையில் வெண்ணெயும் சீஸும் செய்தார்கள். அவனுக்கு அங்கே வேலை. வாரம் ஒருநாள் ஈரச்சாக்கு சுற்றிய மரப்பெட்டியோடு பஸ்ஸில் இறங்கி, ரோட்டோரப் பேக்கரிகளுக்குப் போட்டுவிட்டுப் போவான். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவன், "பர்கருக்கு டப்பா சீஸா போடறீங்க? அது சீஸே இல்லீங்க" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "உங்ககிட்ட யாருங்க கேட்டா?" என்றேன்.

தங்கை என் கையைக் கிள்ளிவிட்டு, "அப்ப எதுங்க சீஸு?" என்று கேட்டாள்.

அவன் பெட்டியைத் திறந்து, மெல்லிய கம்பியால் ஒரு துண்டு அறுத்துக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தான். வெளிர் மஞ்சள், உள்ளே முழு மிளகு அங்கங்கே உடைந்து கிடந்தது. அவள் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் நீட்டினான். நான் வாங்கவில்லை. அந்த வீம்பில்தான், கடைசிவரை எனக்கு டப்பா சீஸ் போதும் என்று நின்றுவிட்டேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பர்கர் என்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. கட்லெட்டை அவள் மாற்றிவிட்டாள். உருளைக்கிழங்கு மட்டும் போட்டால் மாவு மாதிரி இருக்கிறது என்று, கொள்ளுப் பயறை வேகவைத்து அரைத்துக் கூடச் சேர்த்தாள். கல்லில் அது முறுகும்போது தெருமுனை வரைக்கும் வாசம் போகும். சீஸும் மேலே வைக்கிறதும் ஆளாளுக்கு ஒன்று. அப்பாவுக்குச் சிவப்பு மெழுகு பூசி வரும் கெட்டி சீஸ். மாங்காய்க் காலத்தில் கிளிமூக்கு மாங்காயை ஈர்க்குச்சி கனத்தில் கீறி அதன் மேல் வைக்க வேண்டும், மற்ற நாளில் எலுமிச்சை ஊறுகாய். சோப்புக்கட்டி என்று சொன்ன அதே மனுசன், ஞாயிறு மதியம் பட்டறையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, "ஏனம்மிணி, கல்லு காஞ்சுதா?" என்று எட்டிப் பார்ப்பார். எனக்கு டப்பா சீஸ், பச்சைச் சின்ன வெங்காயம், இரண்டாகக் கீறிய பச்சை மிளகாய். அம்மாவுக்கு சீஸே வேண்டாம். பன்னைப் பிய்த்துக் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டு நாங்கள் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்ப்பாள்.

தங்கையுடையதுதான் பெரிய வேலை. மிளகுச் சீஸ் இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று. சின்ன வெங்காயத்தை நெய்யில் போட்டு, தீயைக் குறைத்து, அரை மணி நேரம் வதக்கி, நாட்டுச்சர்க்கரை ஒரு சிட்டிகை சேர்ப்பாள். அப்பாவுக்கு அந்த இனிப்பு வெங்காயம் ஆகவே ஆகாது. வாசம் பட்டாலே நகர்ந்து உட்காருவார். தக்காளி கூடாது, பன் நைந்துவிடும் என்பாள். எல்லாம் முடிந்ததும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்துக்கு ஓடி, கறிவேப்பிலை பறித்துவந்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து மேலே வைப்பாள். ஒருநாள் மழை, நான் போக மாட்டேன் என்றேன், இன்றைக்கு இலை இல்லாமல் தின்னு என்றேன். "கறிவேப்பில இல்லாட்டி அது என்ற பர்கரே இல்லக்கா" என்று நனைந்துகொண்டு போய்ப் பறித்து வந்தாள்.

அந்த மிளகுச் சீஸ் வாராவாரம் எப்படி வந்துசேர்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. பேக்கரியில் வாங்குகிறாள் என்று நினைத்தோம்.

எனக்கு அன்னூரில் சம்பந்தம் கூடிவந்த சமயம். ஒரு ஞாயிறு, வெங்காயத்தைக் கிண்டிக்கொண்டே தங்கை என்னிடம் சொன்னாள். அந்தச் சீஸ்காரனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாள். இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவன் எங்கள் சாதி ஆள் இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"உன்ற கல்யாணம் முடியற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்கப்பறம் நானே அப்பாகிட்டச் சொல்லிக்கறேன். நீ சொல்லிப்போடாதக்கா" என்றாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கையெல்லாம் கொள்ளு மாவு. "சத்தியமாச் சொல்ல மாட்டேன், போ" என்றேன். அவள் தலைமுடியில் ஒட்டிய மாவை நானே தட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே சொல்லிவிட்டேன். அன்று அன்னூர்க்காரர்கள் நிச்சயத்துக்கு நாள் கேட்டு வந்திருந்தார்கள். கிளம்பும்போது அவர்கள் வீட்டு அம்மா ஒருத்தர், "உங்க சின்னப் பொண்ண பஸ் ஸ்டாண்டுல பாத்தனுங்க, யாரோ பையனோட பேசிட்டு இருந்துச்சு, அண்ணனாட்டம் யாராச்சுமுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இவளால் என் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம் பாதி. என் சீஸைப் பார்த்து அது சீஸே இல்லை என்று சொன்னவனாச்சே என்ற அற்ப ஆத்திரமும் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொன்றும் நினைத்தேன். அப்பாவுக்கு அவள் என்றால் உசுரு. இரண்டு நாள் கத்துவார், அப்புறம் இறங்கி வந்து அவரே ஒரு வழி பண்ணிவிடுவார் என்று நம்பினேன். எங்கள் அப்பாவை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் அவர் மரத்தூளைப் போட்டுக் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. தேய்த்த கையையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். "செரி, நீ உள்ள போ" என்றார்.

மறுநாள் கல்லூரி நின்றது. வெளிக்கதவுக்குப் பூட்டு வந்தது. அந்த வாரத்துக்குள் அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். எனக்கு முன்பே அவளை அனுப்பிவிடலாம் என்று பேச்சு. தங்கை அழவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அக்கா, நீ சொன்னியா?"

"நான் எதுக்குடி சொல்றேன்?" என்றேன். பாய் மடித்துக்கொண்டே சொன்னேன்.

ஒருநாள் காலை அப்பா பட்டறையில், அம்மா ரேஷன் கடையில். நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பூட்டுச் சாவி அம்மாவிடம்தான் இருந்தது. அன்றைக்கு அவள் அதை மறந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். தங்கை கல்லூரிப் பையோடு சந்தில் நடந்து போவது தெரிந்தது. திருப்பத்தில் நின்று மேலே பார்த்தாள். நான் சத்தம் போட்டிருந்தால் பக்கத்து வீட்டு ஆட்கள் பிடித்திருப்பார்கள். நான் போடவில்லை. அவளுக்கு நான் செய்த நல்லது அது ஒன்றுதான்.

இரண்டு நாளில் பதிவுக் கல்யாணம் ஆகிவிட்டது என்று தகவல் வந்தது. அன்னூரிலிருந்து பெரிய மனுசர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். காபி குடித்தார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க, நாங்களும் ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்கோணுமுங்க. அந்தப் பொண்ணு இனி உங்களுக்கு இல்லைன்னு நாலு பேரறியத் தலை முழுகிட்டீங்கன்னா, தேதி குறிச்சுப்போடலாமுங்க" என்றார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு சத்தம் இல்லை. இவ்வளவு மரியாதையாக ஒருத்தியைச் சாகடிக்கச் சொல்ல எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "செஞ்சுபோடலாமுங்க" என்றார். எனக்காகத்தான் அது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேண்டாம், எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு இருக்கிற கோபமெல்லாம் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

கருமாதி நாளன்று பங்காளிகள் எல்லோரும், அன்னூர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். தங்கை கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதுபண்ணி, மாலை போட்டு, முற்றத்தில் வைத்திருந்தார்கள். அதில் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள். அன்று நான்தான் ஸ்டூடியோவுக்குக் கூடப் போயிருந்தேன். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, படையல் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். "போனவளுக்குப் பிடிச்சது ஒண்ணுகூட எலைல கொறையக் கூடாது. கொறஞ்சா அவ போக மாட்டா, வாசல்லயே நின்னுக்குவா" என்றாள். வடை, கச்சாயம், அதிரசம் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"அதெல்லாம் அவளுக்குப் பிடிக்காது" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அத்தனை நாளில் அவர் அவளைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. போட்டோவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே, "பர்கருதான் பிடிக்கும். பெரியவளுக்குச் செய்யத் தெரியும். செய்யச் சொல்லுங்க" என்றார். செய்கிற சடங்கைச் சுத்தமாகச் செய்து முடிக்கிற வெறியா, இல்லை கடைசியாக அவளுக்கு ஒரு வாய் கொடுக்கிற ஆசையா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அத்தை முகத்தைச் சுளித்தாள். நான் சமையல்கட்டுக்குப் போனேன். பன் வாங்கி வரச் சொன்னேன். ஃபிரிட்ஜைத் திறந்தால், கதவுத் தட்டில் பட்டர் பேப்பரில் சுற்றிய மிளகுச் சீஸ் அப்படியே இருந்தது. வெளிக்கதவுக்குப் பூட்டு வருவதற்கு முந்தின வாரம் அவள் வைத்தது. ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. சீவினால் சரியாக இரண்டு துண்டு வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழவும் முடியாது, முற்றத்தில் அன்னூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கொள்ளுக் கட்லெட் வந்துவிட்டது. வெங்காயம் எனக்கு வரவே இல்லை. எப்போதும் அவள்தானே வதக்குவாள். தீயைக் கூட்டி வைத்துக் கருக்கிவிட்டேன். இரண்டாவது தடவை நறுக்கிப் போட்டேன். அதுவும் ஓரம் கருகத் தொடங்கியது. அப்போது அம்மா வந்தாள். தங்கை போன நாளிலிருந்து யாரோடும் பேசாமல் சுவரோரம் படுத்துக் கிடந்தவள். கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"தீய நல்லாக் கொறை. சக்கரைய இப்பப் போடாத, நெறம் மாறுனப்பறம் போடோணும்."

எங்களோடு சேர்ந்து ஒருநாளும் அதைத் தின்னாதவள், ஒன்றுவிடாமல் பார்த்து வைத்திருந்தாள். நானும் அம்மாவும் அடுப்பு முன்னால் நின்று, தங்கை கல்லூரியிலிருந்து பசியோடு வந்துகொண்டிருக்கிறாள் என்கிற மாதிரி அதைச் செய்தோம். கட்லெட் மேல் சீஸ் இரண்டு துண்டையும் வைத்தேன். தண்ணீர் தெளித்து மூடினேன். அம்மா வாய்க்குள்ளேயே இருபது வரை எண்ணினாள்.

கறிவேப்பிலை பொரிக்க இரும்புக் கரண்டியில் எண்ணெயைக் காயவைத்துவிட்டு, பறிக்கப் பின்வாசலுக்குத் திரும்பினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். "நேரமாச்சு, போதும், எடுத்துட்டுப் போ" என்றாள். முற்றத்திலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

இலையில் வடைக்கும் அதிரசத்துக்கும் நடுவே அந்தப் பர்கர் உட்கார்ந்திருந்தது. ஊதுபத்திச் சாம்பல் எள்ளின் மேல் விழுந்தது. யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். என்னையும் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டேன். உயிரோடு இருக்கிறவளை, என்னைவிடச் சின்னவளை, நான் விழுந்து கும்பிட்டேன்.

படைத்ததை வீட்டு ஆட்கள் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். அதிரசமும் வடையும் கை மாறின. பர்கரைத் தொட யாருக்கும் மனசில்லை. அப்பா குனிந்து அதை எடுத்தார். குழாயடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முழுதையும் தின்றார். இனிப்பு வெங்காயம் வாசம் பட்டாலே நகர்ந்து உட்காருகிறவர். ஒவ்வொரு வாய்க்கும் அவர் தோள்பட்டை ஏறி இறங்கியது. தின்று முடித்து, கை கழுவி, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து, "தேதி குறிச்சுக்குங்க" என்றார்.

எனக்குக் கல்யாணம் ஆனது. நல்ல கூட்டம், நல்ல சாப்பாடு. மணமேடையில் எனக்கு விசிறிவிட்டுக்கொண்டு நிற்க வேண்டியவள் மட்டும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, ஏழாம் மாதம் சீர் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பேக்கரிக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, குன்னூர் பஸ் ஏறிவிட்டேன். வளைவுக்கு வளைவு வாந்தி. பண்ணைக்குக் கீழே வரிசை வீடுகளில் ஒன்றில் அவள் இருந்தாள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் மெலிந்து. என் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வாக்கா, படியப் பாத்து ஏறு" என்றாள், நேற்றுத்தான் பேசிப் பிரிந்த மாதிரி.

உள்ளே உட்காரவைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். சீஸ் செய்கிறவன் வீட்டில், ஒரு டப்பா சீஸ். பிரிக்கவே இல்லை.

"நீ என்னைக்காச்சும் வருவேன்னு இங்க வந்த வாரமே வாங்கி வெச்சேன். அவரு சிரிச்சாரு. சிரிச்சாச் சிரிக்கட்டும், எங்கக்காவுக்கு அதுதான் பிடிக்கும்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குத் தாங்கவில்லை. "நாந்தான்டி அப்பாகிட்டச் சொன்னேன்" என்றேன்.

அவள் டப்பாவைத் திறந்துகொண்டே இருந்தாள். "தெரியும். அன்னிக்கு நீ என்ற மூஞ்சியப் பாக்காமப் பாயப் பாத்துச் சொன்ன பாரு, அப்பவே தெரியும்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பர்கர் செய்தாள். எனக்கு டப்பா சீஸ், பச்சை வெங்காயம், கீறின மிளகாய். தின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள்.

"எனக்குப் படையல் வெச்சீங்களாமே. என்ன வெச்சீங்க?"

சொன்னேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது.

"மிளகுச் சீஸா?"

"ரெண்டு துண்டு. நீ வெச்சிட்டுப் போனதுதான்."

"வெங்காயம்?"

"அம்மா வதக்குனா."

அவள் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கறிவேப்பில பொரிச்சு வெச்சீங்களா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல" என்றேன்.

"அப்ப அது எனக்கு வெச்சதில்லக்கா" என்று சிரித்தாள். "நாஞ் சாகல, போ." சிரித்துக்கொண்டே இருந்தவள் என் மடியில் தலையைக் கவிழ்த்து அழத் தொடங்கினாள். என் வயிற்றில் பிள்ளை உதைத்தது, அவள் கன்னத்திலேயே பட்டது.

கிளம்பும்போது, இந்தக் குளிருக்கு இங்கே கறிவேப்பிலைச் செடியே பிடிக்க மாட்டேன் என்கிறது, இரண்டு தடவை வைத்துப் பட்டுப்போனது, கடை இலையில் வாசமே இல்லை என்றாள். தனக்குச் செய்துகொள்ளும்போதெல்லாம் அது ஒன்றுதான் குறை என்றாள்.

வீட்டுக்கு வந்து, அவளைப் பார்த்ததையும் கறிவேப்பிலை பற்றி அவள் கேட்டதையும் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாத்தையும் வெச்சுப்போட்டா அவ நெசமாவே போயிருவாளே கண்ணு. அதான் ஒண்ண நிறுத்திக்கிட்டேன்" என்றாள். ஆணியில் மாட்டிய சாவியைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா மரத்திலிருந்து கை நிறையக் கறிவேப்பிலை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "இன்னொருக்கா போயி அவகிட்டக் குடுத்துட்டு வந்துரு, அம்மா குடுத்தான்னு சொல்லு" என்றாள். நான் சேலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே வாசலில் என் புருஷன் வந்து நின்றார். குன்னூர் பஸ்ஸில் என்னைப் பார்த்தவர்கள் அன்னூர் வரைக்கும் சேதி சொல்லியிருந்தார்கள். அவரும் கத்தவில்லை. "இனிமேல் அந்தப் பக்கம் போக வேண்டாம், அம்மிணி. நம்ம குழந்தைக்கு நல்லதில்ல" என்றார். நான் சரி என்றேன். கறிவேப்பிலை மூட்டையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அவரோடு போனேன். இரண்டாவது தடவையும் அவளை விட்டுக்கொடுத்தேன்.

பெட்டியில் அந்த இலை காய்ந்து சருகானது. பையனுக்கு ஒரு வயது முடிந்த பிறகு, யார் என்ன சொன்னாலும் சரி என்று புதிதாகப் பறித்துக்கொண்டு ஒருநாள் குன்னூருக்குப் போனேன். அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பண்ணையை மூடிவிட்டார்களாம். "பெங்களூர்ப் பக்கம் போறேன்னாங்க, சரியாத் தெரியாதுங்க" என்றார்கள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கடிதம் கூட இல்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயும் இல்லை.

அம்மா நான் போகும்போதெல்லாம் கேட்பாள். "எலையக் குடுத்தியா கண்ணு?" குடுத்தேன்மா என்பேன். "என்ன சொன்னா?" பொரிச்சுப் போட்டுத் தின்னா, சந்தோசப்பட்டா என்பேன். அதைக் கேட்ட அன்றைக்கு அவள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவாள். அந்தப் பொய்யோடுதான் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

இப்போதும் என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பர்கர் செய்கிறேன். ஆளாளுக்குப் பிடித்த மாதிரி செய்து கொடுத்துவிட்டு, கடைசியில் மிளகுச் சீஸ் இரண்டு துண்டு வைத்து, இனிப்பு வெங்காயத்தோடு ஒன்று செய்வேன். பின்வாசலில் கறிவேப்பிலை தளதளவென்று நிற்கிறது. அந்தப் பக்கம் போக மாட்டேன். என் பையன் அதிலிருந்து ஒரு வாய் பிய்த்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குதும்மா, ஆனா என்னமோ ஒண்ணு கொறையுது" என்பான்.

"கொறையட்டும் கண்ணு" என்பேன்.